‘கதையை வாங்கிட்டாங்க’ என்றால் எதை வாங்கினார்கள்? பழைய ஹாலிவுட்டின் கதைக் கொள்முதல்

பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வசனங்களில் ஒன்று கட்டாயம் காதில் விழும். "பாவம் அந்த எழுத்தாளர், நாவலை அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டாங்க" என்பது ஒன்று. "அப்பல்லாம் யார் கதையை வேணும்னாலும் எடுத்துக்கலாம், கேட்க ஆளில்லை" என்பது இன்னொன்று. இரண்டிலும் துளி உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் சொல்கிறவர்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கதை என்பது கடையில் வாங்கும் சோப்பு மாதிரி, காசு கொடுத்ததும் முழுசாகக் கைக்கு வந்துவிடும் பொருள் என்று நினைக்கிறார்கள். அது சோப்பு இல்லை. தோப்பு.

மாந்தோப்புக் குத்தகை

என் தாத்தாவுக்குச் சின்ன மாந்தோப்பு ஒன்று இருந்தது. பூ விடும் பருவத்தில் வியாபாரி வருவார். எதுவும் பேசாமல் ஒரு சுற்று நடப்பார், மரங்களை அண்ணாந்து பார்ப்பார், திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒரு விலை சொல்வார். பணம் கைமாறியதும் அந்த வருஷத்துக் காய் அவருடையது. மரம் தாத்தாவுடையது. நிலமும் தாத்தாவுடையது. அப்படியென்றால் மரத்தடியில் ஊடுபயிராகப் போட்ட உளுந்து யாருக்கு? ஒரு வருஷம் இதை முன்கூட்டிப் பேசாமல் விட்டுவிட்டார்கள். அறுப்புச் சமயத்தில் இரண்டு தரப்பும் அரிவாளோடு வந்து நின்றன. வெட்டுவதற்கு இல்லை, உளுந்து அறுக்கத்தான்.

கதை விற்பனையும் இதே கணக்கு. ஒருவர் ஒரு நாவல் எழுதியதும் சட்டம் அவர் கையில் ஓர் உரிமையைக் கொடுக்கிறது. அதற்குப் பெயர் பதிப்புரிமை: ஒரு படைப்பை அச்சிட, மொழிபெயர்க்க, நாடகமாக்க, படமாக்க, குறிப்பிட்ட காலம் வரை அதன் ஆசிரியருக்கு மட்டுமே உள்ள உரிமை. கவனிக்க வேண்டியது, இது ஒற்றை உரிமை இல்லை, ஒரு கட்டு விறகு. அச்சிடும் உரிமையைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கலாம், நாடக உரிமையை வேறொருவருக்கு, வானொலி உரிமையை மூன்றாமவருக்கு. அந்தக் கட்டிலிருந்து உருவிய ஒரு விறகுதான் திரை உரிமை.

ஆக, ஸ்டுடியோ ‘கதையை வாங்கியது’ என்று படிக்கும்போதெல்லாம் ‘திரை உரிமையை வாங்கியது’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். உளுந்துச் சண்டைகள் பின்னால் வரும்.

கேட்காமல் எடுத்த தேரோட்டம்

‘கேட்க ஆளில்லை’ என்று சொல்கிறார்களே, அப்படி ஒரு காலம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது ஸ்டுடியோக்களின் பொற்காலத்துக்கு முந்தையது.

1907-இல் கேலம் என்ற சின்னப் படக் கம்பெனி, லூ வாலஸ் எழுதிய ‘பென்-ஹர்’ நாவலைப் படமாக்கியது. கால்மணி நேரப் படம். தேரோட்டத்தை நியூயார்க்கில் ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் எடுத்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. அன்றைக்கு எல்லாக் கம்பெனிகளும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தன. படம் என்பது போட்டோக்களின் வரிசை, போட்டோ எப்படி நாவலின் நகலாகும் என்பது அவர்கள் வாதம்.

வாலஸ் அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துவிட்டார். அவர் குடும்பமும், நாவலை வெளியிட்ட ஹார்ப்பர் பிரதர்ஸும், நாடக உரிமை வைத்திருந்தவர்களும் வழக்குப் போட்டார்கள். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1911-இல் தீர்ப்பு. நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் சொன்னதன் சாரம்: பேச்சில்லாமல் அசைவாலேயே கதை சொன்னாலும் அது நாடகமாக்கல்தான், நாடகமாக்கும் உரிமை ஆசிரியருடையது. கேலம் 25,000 டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது.

அந்தத் தீர்ப்போடு ஹாலிவுட்டில் ஒரு புதிய செலவுக் கணக்கு ஆரம்பமானது. கதைக்கும் காசு.

ஆலைக்குத் தினமும் நெல் வேண்டும்

ஸ்டுடியோக்கள் ஏன் இவ்வளவு கதைகளை வாங்கிக் குவித்தன என்று புரிய வேண்டுமானால் ஓர் அரிசி ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலை முதலாளிக்கு இந்த வாரம் நல்ல நெல் கிடைக்கவில்லை என்று ஆலையை மூட முடியாது. ஆளுக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். 1930-களின் பெரிய ஸ்டுடியோ இப்படித்தான். நடிகர், ஒளிப்பதிவாளர், தச்சர், தையற்காரர் எல்லோரும் மாதச் சம்பளம் அல்லது வாரச் சம்பளம். எம்ஜிஎம், பாரமவுண்ட், வார்னர் போன்றவை தியேட்டர்களையும் சொந்தமாக வைத்திருந்தன. தியேட்டரில் வாரந்தோறும் படம் மாற்ற வேண்டும். ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் எம்ஜிஎம் படம் தயாரித்த வருஷங்கள் உண்டு.

வாரம் ஒரு படம் என்றால் வருஷத்துக்கு ஐம்பது கதை போதாது. பத்துக் கதை வாங்கினால் சில எடுபடாது, சிலவற்றுக்கு நடிகர் அமையாது, சில தணிக்கையில் மாட்டும். ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’ நாவலின் திரை உரிமையை 1934-இல் எம்ஜிஎம் 25,000 டாலருக்கு வாங்கியது. கள்ளக் காதலும் கொலையும் கலந்த கதை. அன்றைய தணிக்கை விதிகள் வழிவிடவில்லை. படம் வந்தது 1946-இல். பன்னிரண்டு வருஷம் பத்திரம் பீரோவில் தூங்கியது. நெல் மூட்டை கிடங்கில் இருப்பது ஆலைக்கு நஷ்டமில்லை, அடுத்த ஆலைக்குப் போகாமல் இருந்தாலே லாபம் என்ற கணக்கும் இதில் உண்டு.

கதை இலாகா

நம் ஊர்ப் பழைய படங்களின் டைட்டிலில் ‘கதை: ஜெமினி கதை இலாகா’ என்று பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அதை நான் ஏதோ அரசாங்க ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்.எஸ்.வாசன் தன் ஸ்டுடியோவில் கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்களை வைத்து நடத்திய பிரிவு அது. அதில் ஒரு வக்கீலும் இருந்தார் என்று அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். சினிமாக் கதை விவாதத்தில் வக்கீலுக்கு என்ன வேலை என்று முதலில் சிரிப்பு வந்தது. ஹாலிவுட் விவகாரங்களைப் படித்த பிறகு, வக்கீல் ஒருவர் போதுமா என்ற சந்தேகம்தான் வந்தது.

ஹாலிவுட்டில் ஒவ்வொரு பெரிய ஸ்டுடியோவிலும் இப்படி ஒரு கதை இலாகா இருந்தது. வேலை மூன்று படி.

முதல் படி, நியூயார்க் ஆபீஸ். படம் எடுப்பது கலிபோர்னியாவில் என்றாலும் பதிப்பகங்களும் பிராட்வே நாடக அரங்குகளும் பத்திரிகைகளும் நியூயார்க்கில்தான். நாவல் கடைக்கு வரும் முன்பே அதன் அச்சுப் புரூஃபைக் கைப்பற்றிவிட வேண்டும் என்று ஆட்கள் அலைவார்கள். அடுத்த ஸ்டுடியோவின் ஆளும் அதே படிக்கட்டில் ஏறிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் படி, ரீடர். வருகிற நாவல், நாடகம், பத்திரிகைச் சிறுகதை எல்லாவற்றையும் படித்துச் சில பக்கங்களில் கதைச்சுருக்கம் எழுதி, கடைசியில் தன் அபிப்பிராயத்தையும் தட்டச்சு செய்து கொடுப்பவர். சினிமாவில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட ஆட்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். ஆயிரம் பக்கத்தைப் பத்துப் பக்கமாக்கும் அந்த ஒரு கட்டத்தில் எத்தனையோ படங்களின் தலையெழுத்து தீர்மானமானது.

மூன்றாம் படி, முதலாளியின் காது. எம்ஜிஎம் தலைவர் லூயி பி. மேயருக்குப் படிக்கும் பழக்கம் கிடையாது. கேட் கார்பலே என்ற அம்மையார் கதையை வாயால் சொல்ல, அவர் கேட்பார். ஆயிரத்தோர் இரவுகளில் அரசனுக்குக் கதை சொல்லும் ஷஹ்ரசாத்தோடு அவரை ஒப்பிட்டுப் பேசுவது ஹாலிவுட் வழக்கம். பெரிய பட்ஜெட் படத்துக்குப் பணம் ஒதுக்குவதா என்பது ஒரு பெண்மணி கதை சொல்லும் அழகில் நின்றது.

ஒரு ரீடர் அறிக்கையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1941 டிசம்பர். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து சில நாட்கள்தான் ஆகின்றன. மேடையே ஏறாத நாடகம் ஒன்று வார்னர் பிரதர்ஸ் மேஜையில் வந்து விழுகிறது. எழுதியவர்கள் முர்ரே பர்னெட், ஜோன் அலிசன். மொராக்கோவில் ஒரு மதுக்கூடம், அதை நடத்தும் ஓர் அமெரிக்கர், அகதிகள், பழைய காதலி. ஸ்டீபன் கார்னட் என்ற ரீடர் படித்துவிட்டு, இது ரசிகர்களை இழுக்கும் சரக்கு என்று எழுதியதோடு நிற்கவில்லை. போகார்ட், காக்னி, ராஃப்ட் ஆகிய மூவரில் ஒருவருக்குப் பொருந்தும் என்று நடிகரையும் சேர்த்தே சொன்னார். இலாகாவில் இருந்த ஐரீன் லீ தயாரிப்பாளர் ஹால் வாலிஸிடம் இதை எடுத்துச் சொல்ல, 1942 ஜனவரியில் 20,000 டாலருக்கு நாடகம் கைமாறியது. மேடையேறாத நாடகத்துக்கு அது பெரிய தொகை. வாலிஸ் தலைப்பை மாற்றினார். ‘காசாபிளாங்கா’. ரீடர் சொன்ன மூன்று பெயர்களில் முதல் பெயர்தான் கதாநாயகன்.

இதுவரை பார்த்தது இவ்வளவு. வாங்கியது திரை உரிமையை. வாங்காமல் எடுத்தால் வழக்கு வரும் என்பது 1911 முதல் தெளிவு. எதை வாங்குவது என்று சல்லடை போட ஒரு கதை இலாகா. இனி, எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பது.

விலை எப்படி அமைந்தது

மார்கரெட் மிட்செல் எழுதிய ‘கான் வித் தி விண்ட்’ நாவல் 1936 ஜூன் 30 அன்று வெளியானது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் நியூயார்க் கதைப் பொறுப்பாளர் கே பிரவுன், புத்தகம் வரும் முன்பே படித்துவிட்டு உடனே வாங்குங்கள் என்று தந்திமேல் தந்தி அடித்தார். செல்ஸ்னிக் தயங்கினார். கடைசியில் ஜூலையில் 50,000 டாலருக்கு முடிந்தது. ஒரு எழுத்தாளரின் முதல் நாவலுக்கு அன்றைக்கு அது மலைக்க வைக்கும் விலை. அந்த வருஷம் முடிவதற்குள் புத்தகம் 10 லட்சம் பிரதி விற்றது. நாலு மாதம் தாமதித்திருந்தால் செல்ஸ்னிக் அந்த விலைக்குக் கிட்டவே போயிருக்க முடியாது.

‘அடிமாட்டு விலை’ என்று சொல்கிறவர்கள் மறப்பது இதைத்தான். விலை பேசும் நாளில் அது ஒரு பூ விட்ட மரம், அவ்வளவே. காய்க்குமா, காற்றில் உதிருமா என்று இரண்டு தரப்புக்கும் தெரியாது. மிட்செலுக்கு 1942-இல் செல்ஸ்னிக் மேலும் 50,000 டாலர் கொடுத்தார். ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் தெரிந்தே விலையை அமுக்கிய கதைகளும் உண்டு. ராபர்ட் பிளாக்கின் ‘சைக்கோ’ நாவலுக்கு 1959-இல் ஏஜெண்ட் மூலம் ஒருவர் விலை கேட்டார். வாங்குவது யார் என்று சொல்லவில்லை. சுமார் 9,000 டாலருக்குப் படிந்தது. அதன் பிறகுதான் வாங்கியவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் என்று பிளாக்குக்குத் தெரிந்தது. சாலை வரப்போகிறது என்று தெரிந்தவர் பினாமி பெயரில் நிலம் வாங்குவது மாதிரி. சட்டப்படி தப்பில்லை. எழுத்தாளர் பக்கம் நின்று பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

வாங்கியதைக் கைமாற்றி லாபம் பார்ப்பதும் நடந்தது. ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ சிறுவர் கதையின் திரை உரிமையைத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின், ஆசிரியர் பாமின் மகனிடமிருந்து 40,000 டாலருக்கு வாங்கினார். படம் எடுக்கவில்லை. 1938-இல் எம்ஜிஎம்முக்கு 75,000 டாலருக்கு விற்றார். ஒரு அடி பிலிம்கூட ஓடவில்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

விலைப் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் மேடையில் ஓடி முடித்த நாடகங்கள்தான். காரணம் எளிது. கூட்டம் வருமா என்பதை வேறொருவர் செலவில் சோதித்தாகிவிட்டது. ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகத்துக்கு 1962-இல் ஜாக் வார்னர் கொடுத்தது 55 லட்சம் டாலர். இவ்வளவு கொடுத்தும் அது கிரயம் இல்லை, குத்தகைதான். படம் வெளியாகி ஏழு வருஷம் கழித்து உரிமை, நாடகத்தின் உரிமை வைத்திருந்த சிபிஎஸ் நிறுவனத்துக்கே திரும்பிப் போனது.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். ‘ஆப்ஷன்’ என்பது வீடு வாங்கும்முன் கொடுக்கும் டோக்கன் அட்வான்ஸ் மாதிரி. சின்னத் தொகை கொடுத்து, இத்தனை மாதத்துக்குள் நான் வாங்குகிறேனா பார், அதுவரை வேறு யாருக்கும் விற்காதே என்று பிடித்துவைப்பது. இப்போது இதுதான் வழக்கம். பெரிய ஸ்டுடியோக்கள் கொழித்த காலத்தில் கையில் பணமும் ஆலையில் பசியும் இருந்ததால் நேரடியாகவே வாங்கிப் போட்டார்கள். அன்றைய விலையை இன்றைய ஆப்ஷன் தொகையோடு ஒப்பிட்டுப் பேசுவது அதனால்தான் பொருந்தாது.

சம்பளத்துக்குப் பிறந்த கதைகள்

வெளியிலிருந்து வாங்காமல், ஸ்டுடியோவுக்குள்ளேயே எழுதவைத்த கதைகளும் ஏராளம். இங்கே சட்டம் தலைகீழாகப் புரள்கிறது. வெளியே ஒருவர் நாவல் எழுதினால் உரிமை எழுதியவருடையது. ஸ்டுடியோ அவரிடம் வாங்க வேண்டும். அதே ஆள் ஸ்டுடியோவில் வாரச் சம்பளத்துக்குச் சேர்ந்து எழுதினால் சட்டத்தின் கண்ணில் ‘ஆசிரியர்’ ஸ்டுடியோதான். இதைக் கூலிப் படைப்பு என்று வைத்துக்கொள்வோம்: வேலைக்கு அமர்த்தியவருக்கே முதல் நாளிலிருந்து உரிமை சேரும் எழுத்து. பட்டறையில் ஆசாரி செய்த நாற்காலி பட்டறை முதலாளியுடையது, அதே கதைதான்.

அதனால் ஒரு திரைக்கதையை ஆறு பேர் கைமாற்றி எழுதுவது அங்கே சாதாரணம். ‘கான் வித் தி விண்ட்’ டைட்டிலில் திரைக்கதைக்கு சிட்னி ஹோவர்ட் பெயர் மட்டும் வரும். நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் உட்படப் பலர் அதில் கைவைத்திருக்கிறார்கள். 1933-இல் திரை எழுத்தாளர் சங்கம் புதிதாக உருவெடுத்ததற்குச் சம்பள வெட்டு ஒரு காரணம், யார் பெயர் திரையில் வரும் என்ற சண்டை இன்னொன்று. உரிமை போனது போகட்டும், பெயராவது இருக்கட்டும் என்ற நிலை.

நம் பக்கம் இதற்கு ஒரு வினோதமான உறவு உண்டு. வாசன் கையில் ஜெமினியும் இருந்தது, ஆனந்த விகடனும் இருந்தது. தோப்பும் ஆலையும் ஒரே ஆளிடம். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் விகடனில் எழுதிய தொடர் ‘தில்லானா மோகனாம்பாள்’. அதைப் படமாக்க ஏ.பி.நாகராஜன் வாசனிடம்தான் உரிமை வாங்கினார். வாசனுக்குக் கொடுத்தது போக, எழுதியவருக்கும் ஏதாவது தர வேண்டும் என்று சுப்புவைத் தேடிப் போனாராம். வாசன் அந்தப் பணத்தை ஏற்கெனவே தன்னிடம் கொடுத்துவிட்டார் என்று சுப்பு சொன்னதாகத் திரையுலகில் இன்றும் சொல்வார்கள். சட்டம் கேட்காத இடத்தில் மனிதர்கள் செய்த காரியம் இது.

காசில்லாமல் எடுக்க முடிந்தவை

இரண்டு வகைச் சரக்குக்குக் காசு தேவையில்லை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வகை, காலாவதியான உரிமை. பதிப்புரிமைக் காலம் முடிந்ததும் படைப்பு பொதுச்சொத்து ஆகிவிடும்: யாரும் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம். கிரிம் சகோதரர்களின் ‘ஸ்னோ ஒயிட்’ கதையை 1937-இல் டிஸ்னி படமாக்கியபோது கிரிம் குடும்பத்துக்குத் தம்பிடி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தப் படத்துக்காக டிஸ்னி குள்ளர்களுக்குத் தந்த முகங்களும் குணங்களும் டிஸ்னியுடையவை. கிரிம் கதையை நீங்களும் நானும் எடுக்கலாம். டிஸ்னியின் குள்ளர்களை எடுத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். (நம்மூர் நாட்டுடைமை வேறு. அங்கே காலம் முடியும் முன்பே அரசு பணம் கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவில் விடுகிறது.)

இரண்டாம் வகை, வெறும் யோசனை. ‘இரண்டு மதத்துக் குடும்பங்கள், பிள்ளைகள் காதலிக்கிறார்கள்’ என்பது யோசனை. அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. 1930-இல் ஒரு நாடகாசிரியை யுனிவர்சல் மீது போட்ட வழக்கில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் இதைத்தான் சொன்னார். நாடகத்திலும் படத்திலும் ஒரு யூதக் குடும்பம், ஓர் ஐரிஷ் குடும்பம், ஒரு கல்யாணம். இந்த அளவுக்குப் பொதுவான சட்டகத்தைப் பூட்டிவைக்க முடியாது என்று வழக்கு தள்ளுபடியானது. காட்சி, பேச்சு, திருப்பம் என்று விவரம் ஏற ஏறத்தான் உரிமை கெட்டிப்படும். எந்த இடத்தில் யோசனை கதையாகிறது என்று கோடு போட்டுக் காட்ட யாராலும் முடிந்ததில்லை என்று ஹேண்டே ஒப்புக்கொண்டார்.

யோசனைக்குச் சொந்தமில்லை என்றால் யார் சொன்ன யோசனையையும் எடுத்துக்கொள்ளலாமா? அங்கேதான் ஒரு பொறி. 1949-இல் விக்டர் டெஸ்னி என்பவர் இயக்குநர் பில்லி வைல்டரின் ஆபீசுக்கு போன் செய்து, 1925-இல் கென்டக்கி குகையில் சிக்கி இறந்த ஃபிளாய்ட் காலின்ஸின் சம்பவத்தைப் படமாக்கலாம் என்றார். செயலாளர் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார். எடுத்தால் காசு தர வேண்டும் என்றும் டெஸ்னி சொல்லிவைத்தார். 1951-இல் குகையில் சிக்கியவனைப் பற்றி வைல்டரின் படம் வந்தது. 1956-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பதிப்புரிமை இல்லாவிட்டாலும், காசு உண்டு என்ற நிபந்தனையைத் தெரிந்துகொண்டு யோசனையைப் பயன்படுத்தினால் அது சொல்லாமலே ஏற்பட்ட ஒப்பந்தம் ஆகலாம், வழக்கை விசாரித்தாக வேண்டும் என்றது.

மௌனப்பட காலத்தில் யார் வேண்டுமானாலும் தபாலில் கதை அனுப்பலாம். அனிதா லூஸ் என்ற இளம்பெண் அப்படி அனுப்பிய ஒரு கதைக்கு 1912-இல் 25 டாலர் கிடைத்தது. பின்னால் இந்த மாதிரி வழக்குகள் பெருகப் பெருக, முன்பின் தெரியாதவர் அனுப்பும் கவரைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவது ஸ்டுடியோக்களின் வழக்கமானது. திமிர் என்று பலர் நினைத்தார்கள். பயம்தான் காரணம். பிரித்துப் பார்த்துவிட்டால், நாளை அதே சாயலில் படம் வரும்போது ‘என் கதையைப் படித்தாயே’ என்று ஒருவர் நிற்பார்.

சுருக்கமாக: வெளியாள் எழுதினால் வாங்க வேண்டும், உள்ளாள் எழுதினால் வாங்க வேண்டியதில்லை, காலாவதியானதும் வெறும் யோசனையும் இலவசம், ஆனால் யோசனையைச் சொல்லிக் கேட்டால் இலவசம் என்று உறுதியில்லை.

உளுந்து யாருக்கு?

டாஷியல் ஹேமட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலின் உரிமைகளை வார்னர் பிரதர்ஸ் 1930-இல் 8,500 டாலருக்கு வாங்கியது. ஆலை அந்த நெல்லை மூன்று முறை அரைத்தது. 1931-இல் ஒரு முறை. 1936-இல் பெயர்களையெல்லாம் மாற்றி, கதையில் எல்லோரும் தேடும் வல்லூறுச் சிலைக்குப் பதில் ஒரு கொம்பை வைத்து இன்னொரு முறை. 1941-இல் ஜான் ஹூஸ்டன் இயக்கத்தில் மூன்றாம் முறை; நாம் இன்று பார்ப்பது இதைத்தான். மூன்றுக்கும் கொடுத்தது அந்த 8,500தான். படமாக்கும் உரிமையை வாங்கினால் எத்தனை முறை என்று கேட்கப்படாது.

1946-இல் நாவலின் துப்பறிவாளர் சாம் ஸ்பேடை வைத்து வானொலித் தொடர் வந்தது. ஹேமட் அனுமதி கொடுத்திருந்தார். வார்னர் பாய்ந்தது: கதையை வாங்கினோம், ஆள் எங்கள் ஆள். வழக்கு 1954-இல் முடிந்தது. ஒப்பந்தத்தில் பாத்திரத்தை விற்றதாக எழுதவில்லை. அதே துப்பறிவாளரை வைத்து ஹேமட் 1932-லேயே சிறுகதைகள் எழுதியபோது யாரும் தடுக்கவும் இல்லை. ஆகவே சாம் ஸ்பேட் ஹேமட்டோடுதான் என்றது நீதிமன்றம். மாங்காய் வியாபாரிக்கு, உளுந்து தாத்தாவுக்கு.

‘காசாபிளாங்கா’வில் இதற்கு நேர்மாறு. 1983-இல் வார்னர் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது பர்னெட்டும் அலிசனும் பாத்திரங்கள் எங்களுடையவை என்று வழக்குப் போட்டார்கள். ஆனால் 1942 பத்திரத்தில் இன்று இருப்பதும் இனி வரப்போவதுமான எல்லா வகை உரிமைகளையும் கொடுத்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தோற்றார்கள்.

குத்தகைக் காலம்

கடைசி விஷயம் காலம். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை 28 வருஷம். முடிவில் புதுப்பித்தால் இன்னொரு 28. புதுப்பிக்கும் உரிமை எழுத்தாளருடையது. அவர் இல்லையென்றால் வாரிசுகளுடையது.

கார்னெல் வூல்ரிச் 1942-இல் ஒரு சிறுகதை எழுதினார். அதையும் வேறு ஐந்து கதைகளையும் சேர்த்து 1945-இல் 9,250 டாலருக்குத் திரை உரிமை விற்றார், புதுப்பித்த பிறகும் உரிமை தருவதாகச் சொல்லி. அந்த உரிமை கைமாறி ஹிட்ச்காக்கிடமும் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடமும் போய் 1954-இல் ‘ரியர் விண்டோ’ ஆனது. புதுப்பிக்க வேண்டிய நாள் வருமுன், 1968-இல் வூல்ரிச் இறந்தார். மனைவி மக்கள் இல்லை. அவர் சொத்தை நிர்வகித்தவர்கள் உரிமையைப் புதுப்பித்து, ஷெல்டன் அபெண்ட் என்ற ஏஜெண்டிடம் 650 டாலருக்கும் வருமானத்தில் ஒரு பங்குக்கும் கொடுத்தார்கள். செத்தவர் கொடுத்த வாக்கு புதுக் குத்தகையைக் கட்டாது, படத்தை மறுபடி ஓட்ட வேண்டுமானால் என்னிடம் வா என்றார் அபெண்ட். 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கதையின் மூலப்பத்திரம் வேறு, அதன்மேல் கட்டிய படம் வேறு.

அந்தத் தீர்ப்பைக் கூர்ந்து படித்தவர்களில் ரிபப்ளிக் பிக்சர்ஸ்காரர்களும் உண்டு. அவர்கள் பீரோவில் ஒரு பழைய விவகாரம் இருந்தது.

பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் ஒரு சிறுகதை எழுதினார். தற்கொலைக்குத் துணிந்த ஒருவனுக்கு, அவன் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டப்படுகிறது. எந்தப் பத்திரிகையும் போடவில்லை. 1943 கிறிஸ்துமஸுக்கு 200 பிரதி அடித்து வாழ்த்து அட்டை மாதிரி நண்பர்களுக்கு அனுப்பினார். ஒரு பிரதி ஆர்கேஓ ஸ்டுடியோவை எட்டியது. 10,000 டாலர். பிறகு இயக்குநர் ஃபிராங்க் காப்ரா கைக்கு வந்து 1946-இல் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ ஆனது. 1974-இல் படத்தின் பதிப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். இலவசச் சரக்கு என்று தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் முழுக்கப் போட்டுத் தள்ளின. படம் புகழ் பெற்றதே அப்படித்தான். படத்தின் உரிமைதான் போனது, அடியில் இருந்த கதையின் உரிமை போகவில்லை, அது உயிரோடுதான் இருந்தது. 1993-இல் ரிபப்ளிக் அந்தக் கதையின் உரிமையையும் இசையின் உரிமையையும் காட்டி, இனி எங்களைக் கேட்காமல் போடக் கூடாது என்று நிலையங்களுக்குத் தெரிவித்தது. அடுத்த வருஷத்திலிருந்து அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்கு அந்தப் படத்தை என்பிசி தொலைக்காட்சி ஒன்றில்தான் பார்க்க முடிந்தது.